பதினேழாம் இருக்கைக்காரருக்கு ஒரு கதை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு திருட்டுத்தனத்தில் பிறந்தது. "அப்பாகிட்ட நீ சொல்லவே கூடாது" என்று என் மகள் என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள். நானும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினேன். சொல்லக் கூடாது என்றுதானே கேட்டாள்? எழுதக் கூடாது என்று கேட்கவில்லையே. இருபது வருடமாகக் கதை எழுதுகிற ஒருத்தியை அம்மாவாக வைத்துக்கொண்டு இந்த முன்யோசனைகூட இல்லையென்றால் அது அவள் தப்பு.

விஷயம் இதுதான். வாசகரை இழுத்தடித்துச் சொல்வதெல்லாம் எனக்கு வராது, வந்தாலும் பிடிக்காது.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் ஊரில் தொழில்முறைக் கூடைப்பந்து அணி ஒன்று இருக்கிறது. அதன் அரங்கத்தில் சி வரிசை பதினேழாம் இருக்கை இருபத்தேழு வருடமாக அவருடையது. சீசன் டிக்கெட். ஒவ்வொரு வருடமும் ஒரு படிவம் நிரப்பிப் புதுப்பித்துக்கொள்வார். எங்கள் ஒரே மகள் அதே லீக்கில் நடுவர். மூன்று வருடமாக விசில் ஊதுகிறாள். லீக்கில் ஒரு விதி உண்டு. நடுவரின் குடும்பத்தில் யாராவது ஓர் அணியின் சீசன் டிக்கெட் வைத்திருந்தால், அந்த அணி ஆடும் ஆட்டத்துக்கு அந்த நடுவரைப் போடமாட்டார்கள். இந்த வருடம் நடுவர்களுக்கான மதிப்பெண் பட்டியலில் முதலிடம் என் மகளுக்கு. இறுதிப் போட்டியில் ஆடுவது எங்கள் ஊர் அணி. அதனால் இறுதிப் போட்டி நடுவர் வேலை வேறொருவருக்குப் போய்விட்டது.

அவருக்கு இந்த விதி தெரியாது. பெண் என்பதால் ஒதுக்கிவிட்டார்கள் என்று நினைக்கிறார். கொதித்துப்போய் லீக் அலுவலகத்துக்கு நான்கு பக்கத்தில் ஒரு புகார்க் கடிதம் எழுதி வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை அனுப்பப்போகிறாராம். இருக்கையைப் புதுப்பிக்கவும் அதே வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். கடிதமும் படிவமும் சாப்பாட்டு மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. மனுஷன் தன்மேலேயே புகார் எழுதிவிட்டு, கையெழுத்தும் போட்டு வைத்திருக்கிறார்.

(எழுதியவளின் குறிப்பு: நான் எதை எழுதினாலும் முதலில் படிப்பவர் அவர்தான். பென்சிலோடு உட்காருவார். கதையழகு, நடை, அதிலெல்லாம் தலையிடமாட்டார். தகவல் தப்பாக இருந்தால் விடமாட்டார். இதற்கு அடுத்த இரண்டு பகுதிகளையும் "யாரோ ஒரு ரசிகனைப் பத்தி" என்று பொய் சொல்லி அவரிடம் முன்பே கொடுத்துவிட்டேன். அவருடைய பென்சில் எழுத்துகள் சதுர அடைப்புக்குள் இருக்கின்றன. நீங்கள் இப்போது படித்த பகுதி கடைசியாக எழுதி முன்னால் சொருகியது. இதை அவர் இன்னும் பார்க்கவில்லை.)

2

ஆரம்பம், முதல் முயற்சி:

பந்து வளையத்தின் விளிம்பில் ஒரு கணம் நிலவைப் போல

சீ. இருபது வருடம் எழுதியும் நிலவை விட்டுத்தொலைக்க முடியவில்லை.

இரண்டாவது முயற்சி:

அவன் ஒரு நடுத்தர வயதுக்காரன். வாழ்க்கையில் பெரிதாக எதையும்

[அப்போ எனக்கு இருபத்தாறு வயசு. நடுத்தர வயசாம். கேட்டா "யாரோ ஒரு ரசிகன்"னு வேற சொல்ற.]

மாட்டிக்கொண்டேன். சரி, உள்ளபடியே எழுதுகிறேன்.

இருபத்தொன்பது வருடத்துக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை மத்தியானம், அரங்கத்தின் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோனது. உள்ளே வெளியூர் அணியின் ஆட்டக்காரர்கள் ஏழு பேர்.

[ஏழு இல்ல, நாலு. ஒவ்வொருத்தனும் ஒரு பீரோ கனம். ஏழு பேர் ஏறினா அது கிளம்பவே கிளம்பாது.]

நான்கு பேர். கம்பெனி இவரை அனுப்பியது. இவர் அரை மணி நேரத்தில் கதவைத் திறந்து அவர்களை வெளியே எடுத்தார்.

[இருபது நிமிஷம். அன்னைக்கு அவங்க நம்மள இருபத்திரண்டு பாயின்ட் வித்தியாசத்துல அடிச்சாங்க. தெரிஞ்சிருந்தா ஒரு டீ குடிச்சிட்டு நிதானமா போயிருப்பேன்.]

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. பழுது பார்த்து முடித்ததும் தானே தனியாக லிஃப்டில் ஏறி, ஒவ்வொரு மாடியிலும் நிறுத்தி, கதவு திறக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பராமரிப்பு அட்டையில் கையெழுத்துப் போடுவார். கூட வேலை பார்ப்பவர்கள் கிண்டல் செய்வார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளமாட்டார். அன்றும் அப்படித்தான், ஒவ்வொரு மாடியாக இறங்கினார். கடைசியில் கதவு திறந்தபோது எதிரே ஆடுகளம். ஐயாயிரம் பேர் எழுந்து நின்று கத்துகிறார்கள். மனுஷன் கருவிப்பெட்டியைக் கீழே வைக்கவும் மறந்து இரண்டு மணி நேரம் வாசலிலேயே நின்றிருக்கிறார். அதற்கு அடுத்த வருடம் எனக்கும் அவருக்கும் கல்யாணம். அதற்கும் அடுத்த வருடம் சி வரிசை பதினேழு.

மூன்றாவதாக ஒருத்தர் வீட்டுக்கு வந்த மாதிரிதான். பெண் பார்க்க வந்தபோது லிஃப்ட் மெக்கானிக் என்றார்கள், சனிக்கிழமை இவர் கிடைக்கமாட்டார் என்று யாரும் சொல்லவில்லை.

அவர் கத்துவதைப் பற்றி எழுதாமல் இந்தக் கதை நகராது. நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். கண் பரிசோதித்து, ஃபிரேம் பொருத்திக் கொடுப்பது என் வேலை. இவர் என் பிழைப்பை எடுத்து அரங்கத்தில் ஆயுதமாக்கிவிட்டார். நடுவர் நம் அணிக்கு எதிராக விசில் ஊதினால் போதும், எழுந்து நின்று, "சார்! என் வீட்டுக்காரி கண்ணாடிக் கடையிலதான் இருக்கா! விலாசம் தரவா?" சி வரிசை மொத்தமும் சிரிக்கும். டி வரிசை கை தட்டும். அங்கே அவர் பெயர் கண்ணாடிக்காரர்.

[ரெண்டு நடுவர் நெசமாவே உன் கடைக்கு வந்தாங்க. அத ஏன் எழுதல?]

வந்தார்கள். ஒருவருக்குப் பார்வை நன்றாகவே இருந்தது. அதை வீட்டில் சொல்லவில்லை.

3

ரசிகர் என்றால் யார்? ஒரு நாள்கூடப் பந்தைத் தொடாமல் "நாம" என்று பேசுகிறவர். "நேத்து நாம தோத்துட்டோம்." "நமக்கு ஒரு நல்ல உயரமான ஆள் வேணும்." ஐந்து பேர் ஓடி வியர்த்ததற்கு இவருக்கு மறுநாள் முதுகு வலிக்கும். முன்பெல்லாம் எனக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. பிறகு யோசித்தேன். தனக்கு எந்த லாபமும் இல்லாத ஒன்றைத் தன்னுடையது என்று இருபத்தேழு வருடம் நம்புவதற்கும் ஒரு மனசு வேண்டும். எத்தனையோ பேர் சொந்த அண்ணன் தம்பியையே அப்படி நினைப்பதில்லை.

மகளை ஒன்பது வயதில் முதல்முறை கூட்டிப்போனார். வீட்டுக்கு வந்ததும் கேட்டார்.

"எப்படி இருந்துச்சு? யாரை ரொம்பப் பிடிச்சது?"

"கோடு போட்ட சட்டை போட்டவங்களை."

"அவங்க ரெஃப்ரிமா. அவங்களைப் போய் யாருக்காவது பிடிக்குமா?"

"எல்லாரும் அவங்களைத் திட்றாங்க. ஆனா அவங்க சொன்னாத்தான் எல்லாரும் நிக்கறாங்க."

அன்றிலிருந்து வீட்டில் அவள் ஜட்ஜம்மா. எனக்கும் அவருக்கும் சண்டை வந்தால் நடுவில் உட்கார்ந்து இரண்டு தரப்பையும் கேட்பாள். பாதி நேரம் அவர் பக்கம் தீர்ப்பு சொல்வாள். அதுவும் சரியான காரணத்தோடு சொல்வாள், அதுதான் எரிச்சல்.

[பாதி இல்ல. முக்கால்வாசி.]

இனி நடந்தது, அவர் அடிக்கச் சொன்ன பகுதி. நான் அடிக்கவில்லை.

ஐந்து வருடத்துக்கு முன்னால். பெரிய ஆட்டத்துக்கு முன்பு அதே களத்தில் பள்ளி மாணவர்களின் ஆட்டம் ஒன்று நடக்கும். அதற்கு நடுவர் பயிற்சியில் இருப்பவர்களை அனுப்புவார்கள். அன்று அவள் வருவதை எங்களிடம் சொல்லவில்லை. நாங்கள் சீக்கிரம் போய் உட்கார்ந்தோம். நானும் பக்கத்து இருக்கையில்தான் இருந்தேன். ஒரு பையன் பந்தோடு பாய்ந்து தடுக்க நின்றவன்மேல் மோதினான். நடுவர் விசில் ஊதி, பாய்ந்தவன்மேல் தப்பு என்று கை காட்டினார். எங்களுக்கு முதுகுதான் தெரிந்தது. இறுக்கி முடிந்த கொண்டை, கோடு போட்ட சட்டை.

இவர் எழுந்துவிட்டார். "அம்மா! என் வீட்டுக்காரி கண்ணாடிக் கடையிலதான் இருக்கா! விலாசம் தரவா?"

வரிசை சிரித்தது. நடுவர் திரும்பினாள்.

அவளும் பார்த்தாள், இவரும் பார்த்தார். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. பந்தை எடுத்து எதிரணியிடம் கொடுத்துவிட்டு ஓடினாள். இவர் உட்கார்ந்தார். பெரிய ஆட்டம் முடியும்வரை வாயைத் திறக்கவில்லை. சி வரிசைக்காரர்கள் உடம்புக்கு என்னவென்று என்னிடம் விசாரித்தார்கள்.

வீட்டில் அவள் சாப்பிட்டு முடித்துவிட்டு ஒரே ஒரு வரி சொன்னாள். "அப்பா, அது சரியான முடிவுதான்." அவர் அந்த ஆட்டத்தின் வீடியோவை யாரிடமோ கேட்டு வாங்கி, ஓட்டி ஓட்டிப் பார்த்தார். தடுத்தவனின் இரண்டு காலும் ஊன்றியிருந்தன; அப்படி நிற்பவன்மேல் மோதினால் மோதியவன்மேல்தான் தப்பு.

[பதினோரு தடவை பார்த்தேன். ஜட்ஜம்மா சொன்னது சரி. நான் சொன்னது தப்பு. இந்த இடத்தை அடிச்சிடேன் ப்ளீஸ்.]

அதற்குப் பிறகு அவர் நடுவரைப் பார்த்துக் கத்தியதில்லை. அது மட்டுமா? டிவியில் அவள் ஆட்டம் வந்தால் பந்தைப் பார்ப்பதே இல்லை. விசில் ஊதுகிறவளின் காலைப் பார்க்கிறார், எங்கே நிற்கிறாள், எந்தக் கோணத்தில் பார்க்கிறாள் என்று. போன மாதம் ஓர் ஆட்டம் முடிந்ததும் சோபாவில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "இன்னைக்கு நாம ஒரு தப்புகூட விடல."

யார் ஜெயித்தார்கள் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

4

இங்கிருந்து பென்சில் குறிப்பு கிடையாது.

போன வாரம், கடையில் கூட்டமில்லாத பகல் வேளையில், அவள் வந்தாள். நடுவர்கள் வருடா வருடம் கண் பரிசோதனைச் சான்று கொடுக்க வேண்டும். நான் நாற்காலியைத் துடைத்து, "வா, உக்காரு" என்றேன்.

"நீ வேண்டாம்மா. அக்காவைப் பார்க்கச் சொல்லு."

அக்கா என்றது என்னோடு வேலை பார்ப்பவளை.

"ஏன், நான் பார்த்தா எழுத்து மாறிடுமா?"

"நீ எனக்கு அம்மா. உன் கையெழுத்து செல்லாது."

செல்லும். அப்படி எந்த விதியும் இல்லை. இவளாகப் போட்டுக்கொண்டது. அவள் அப்பா காலி லிஃப்டில் ஒவ்வொரு மாடியாக இறங்குவாரே, அதேதான்.

அவள் உள்ளே கடைசி வரிசை எழுத்துகளைக் கடகடவென்று படித்துக்கொண்டிருந்தபோது, அவள் மேசைமேல் வைத்துவிட்டுப் போன ஃபைலை நான் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது. திறந்தேன். அதில் லீக்கின் உறுதிமொழிப் படிவம், மூன்று வருடத்துப் பிரதிகள். "உங்கள் குடும்பத்தினர் எவரேனும் ஏதேனும் ஓர் அணியின் சீசன் டிக்கெட் வைத்திருக்கிறார்களா?" மூன்றிலும் "ஆம்". அணியின் பெயர், வரிசை, இருக்கை எண் எல்லாம் தெளிவாக எழுதியிருந்தாள். கீழே விதி அச்சில் இருந்தது. படித்ததும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

வெளியே வந்தவள் என் முகத்தைப் பார்த்தாள், ஃபைலைப் பார்த்தாள்.

"அம்மா."

"இல்லைன்னு எழுதியிருந்தா யாரு வந்து பார்க்கப் போறாங்க?"

"யாரும் வரமாட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? இருக்குதானே. இருக்குன்னு எழுதினேன்."

"அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அடுத்த நிமிஷம் விட்டுக்கொடுத்திருப்பாரே."

"அதனாலதான் சொல்லல." ஃபைலை என் கையிலிருந்து வாங்கி மூடினாள். "எனக்கு நினைவு தெரிஞ்சதுலேர்ந்து அந்த மனுஷன் தனக்குன்னு வெச்சுக்கிட்டது அந்த ஒரு சீட்தான்மா. நான் முன்னுக்கு வர்றதுக்கு அதையும் புடுங்கணுமா? நீ அவர்கிட்ட சொல்லவே கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். பண்ணும்போது நெஞ்சு நிறைந்துபோயிருந்தது. கடையில் எல்லாருக்கும் கேட்கும்படி, இவள் நான் பெற்றவள் என்று கத்தலாம் போல இருந்தது. எங்கள் வீட்டில் கத்துகிற உரிமை ஒருத்தருக்குத்தான் என்பதால் சும்மா இருந்தேன்.

5

இந்த இடத்தில் எனக்கு என் கதாபாத்திரத்தின்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

மகள் ரொம்ப நல்லவளாக வந்திருக்கிறாள். நம்ப மாட்டீர்கள். ஆகவே அவளுடைய குறைகள்: டீ குடித்த கோப்பையைக் கழுவமாட்டாள். மன்னிப்புக் கேட்கத் தெரியாது. கோபம் வந்தால் நான்கு நாள் பேசமாட்டாள், ஐந்தாம் நாள் ஒன்றுமே நடக்காத மாதிரி சாவி எங்கே என்று கேட்பாள். அந்த "ஆம்" நேர்மையா, வீம்பா? இரண்டு நாள் யோசித்தேன். இரண்டும்தான். வீம்பு இல்லாதவள் ஐயாயிரம் பேர் திட்டும்போது கையை உயர்த்தி நிற்க முடியாது.

என்மேலும் சந்தேகம் உண்டு. இருபத்தேழு வருடச் சனிக்கிழமைகள். அந்த இருக்கை போகட்டும் என்று நான் நினைப்பது மகளுக்காகவா, எனக்காகவா? எழுதுகிறவள் பொய் சொல்லக் கூடாது. ஒரு கால்பங்கு எனக்காகவும்தான்.

முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் அவர் புதுப்பிக்கும் படிவத்தைக் கிழித்து எறிகிறார். அடுத்த வருடம் அவள் எங்கள் அரங்கத்தில் விசிலோடு நடந்து வருகிறாள், நான் அழுகிறேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பதினேழாம் இருக்கையில் வேறு யாரோ உட்கார்ந்து பாப்கார்ன் தின்கிறார். அந்த ஆளை என்னால் எழுத முடியவில்லை. மூன்று முறை முயன்றேன், மூன்று முறையும் எழுப்பிவிட்டுவிட்டேன்.

இரண்டாவது முடிவில் நாங்கள் யாரும் அவரிடம் எதுவும் சொல்வதில்லை. கடிதம் போகிறது. லீக்கிலிருந்து ஒரு வரிப் பதில் வருகிறது: "காரணம், தங்கள் இருக்கை." அதை அவர் தனியாக நின்று படிக்கிற காட்சியை எழுதத் தொடங்கி

முடியாது. அதற்காகத்தான் இந்தக் கதையே.

மூன்றாவது முடிவில் அவர் எல்லாம் தெரிந்தும் இருக்கையை வைத்துக்கொள்கிறார், அவள் மற்ற ஊர்களில் பேர் வாங்குகிறாள், யாருக்கும் வருத்தமில்லை. இப்படியும் நடக்கலாம், இதில் தப்பும் இல்லை. ஆனால் யாருக்கும் வருத்தமில்லை என்று எழுதும்போது பேனா நின்றது.

6

இன்று வியாழக்கிழமை, காலை பதினொரு மணி. எனக்கும் அவருக்கும் விடுமுறை. ஐந்து பகுதிகளையும் சேர்த்துப் பின் குத்தி, "கதை முடிஞ்சது மாதிரி இருக்கு, பாருங்க" என்று அவரிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அவர் கூடத்தில் இருக்கிறார். நான் சமையலறையில், சாப்பாட்டு மேசையருகே உட்கார்ந்து இந்த ஆறாம் பகுதியை, நடக்க நடக்க எழுதுகிறேன்.

பிறகு கூடத்திலிருந்து குரல்.

"ஏம்மா! நாலு பக்கம்னு எழுதியிருக்க. லெட்டர் அஞ்சு பக்கம்!"

முதல் பகுதியைப் படித்துவிட்டார். எல்லாம் தெரிந்துவிட்டது. ஒரு நிமிடம் கழித்து, "அஞ்சு பக்கம்..." என்று இன்னொரு முறை, இந்தமுறை எனக்குச் சொல்லவில்லை.

தாள் புரள்கிறது. இரண்டு, மூன்று பகுதிகளைத் திரும்பவும் படிக்கிறார், பிறகு நான்கு, ஐந்து. பென்சில் ஓடவில்லை. நான் எழுந்து போய்ப் பார்க்கலாமா என்று

வேண்டாம்.

வருகிறார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருக்கிறார். என்னைப் பார்க்கவில்லை. சாப்பாட்டு மேசையில் இருந்த புகார்க் கடிதத்தை எடுத்து, ஐந்து பக்கத்தையும் ஒன்றாகப் பிடித்து, நான்காகக் கிழித்துப் போட்டார். கீழே இருந்த படிவத்தைத் தொடவில்லை. என் எதிரே உட்கார்ந்து போனை எடுத்தார். அவர் பேசுவது மட்டும்தான் எனக்குக் கேட்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

"ஜட்ஜம்மா. ஆமா, அப்பாதான். இல்ல, யாருக்கும் ஒண்ணும் ஆகல. உங்கம்மா சொல்லல, எழுதிட்டா. ...திட்டலாம், அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து திட்டலாம். மூணு வருஷமா ஆம்னு எழுதினியாமே. ...இரு, நான் பேசி முடிச்சிடறேன், குறுக்க விசில் ஊதாத. எனக்குக் கோவம் இருக்கு. என்கிட்ட மறைச்சதுக்கு. அது ஒரு பக்கம். முதல்ல இதக் கேட்டுக்கோ. அந்த அரங்கத்துல எத்தனையோ தடவை எழுந்து நின்னு கத்தியிருக்கேன். கப்பு ஜெயிச்ச அன்னைக்குக்கூட எனக்கு இவ்வளவு பெருமையா இருந்ததில்ல. கேட்டியா? இவ்வளவு பெருமையா இருந்ததே இல்ல."

போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"நான் விட்டுக்கொடுத்துட்டேன்னு சொல்லமாட்டேன். சொன்னா நீ வேணாம்ப, நாலு நாள் பேசமாட்ட. நீயா கேக்கவும் மாட்ட. அதனால நான் கேக்கறேன். நம்ம ஊர் களத்துல, நம்ம ஜனங்க முன்னால விசில் ஊதணும்னு உனக்கு ஆசை இருக்கா, இல்லையா? என் சீட்டைப் பத்தி யோசிக்காத. அந்த ஃபாரத்துல எழுதின மாதிரி, உள்ளத மட்டும் சொல்லு. நான் அதுக்குத் தகுந்த மாதிரி நடந்துக்கறேன்."

கேட்கிறார்.

இன்னும் கேட்கிறார். இந்த வரியை நான் எழுதி முடிக்கும்வரையிலும் அவள் பதில் சொல்லவில்லை.

சொல்லிவிட்டாள். ஒரு வார்த்தைதான் இருக்கும், அவ்வளவு சின்ன நேரம். அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். இருபத்தெட்டு வருடம் கூட வாழ்ந்திருக்கிறேன், சத்தியமாகச் சொல்கிறேன், அந்த முகம் எந்தப் பதிலுக்கும் பொருந்தும். போனைக் கையால் மூடிக்கொண்டு என்னிடம் சொன்னார்: "எழுதினது போதும். பேனாவை வை. இது எனக்கும் அவளுக்கும்."

வைக்கப்போகிறேன். அதற்கு முன் உங்களுக்கு ஒன்று. அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் இனி எழுத எனக்கு உரிமை இல்லை. அவள் இடத்தில் நீங்கள் உட்கார்ந்து, உங்கள் அப்பா அப்படிக் கேட்டால் என்ன சொல்வீர்களோ, அதுதான் முடிவு. ஒன்றே ஒன்று: அவரைச் சந்தோஷப்படுத்துவதற்காக எதையும் சொல்லிவிடாதீர்கள். அவள் அப்படிச் சொல்லியிருக்கமாட்டாள்.